'உறுதி இருக்கு' என்றுதான் அப்பா சொல்லிக்கொண்டிருந்தார்

எங்கள் வீட்டு இரும்புப் பெட்டிக்குள் ஒரு பொலித்தீன் உறை இருந்தது. 1990இல் இடம்பெயர்ந்தபோது அப்பா கையோடு எடுத்த ஒரே பொருள் அதுதான் என்று அம்மா சொல்வார். உடுப்பு எடுக்கவில்லை, அடுப்பில் கொதித்த சோற்றை இறக்கவில்லை, அந்த உறையை மட்டும் சாரத்துக்குள் செருகிக்கொண்டு வந்தாராம். "காணி உறுதி இருக்கு. எப்ப திரும்பிப் போனாலும் அது எங்கட இடம்" என்று அவர் சொல்வதைக் கேட்டுத்தான் நாங்கள் வளர்ந்தோம்.

திருகோணமலையில் கன்னியா வீதியிலிருந்து உள்ளே போகும் ஒழுங்கை ஒன்றில் எங்கள் வளவு. திரும்பி வந்து, பற்றை வெட்டி, கிணறு இறைத்து, மாவும் தென்னையும் வைத்து, கல்வீடும் கட்டினோம். 2016இல் கூரை மாற்ற வேண்டி வந்தபோது அப்பாவும் நானும் ஒரு வங்கிக்குக் கடன் கேட்டுப் போனோம். அங்கிருந்த உத்தியோகத்தர் உறையைத் திறந்தார், முதற்பக்கத்தைப் பார்த்தார், திருப்பித் தந்துவிட்டார்.

"ஐயா, இது உறுதி இல்லை. இது பெர்மிட்."

"அரசாங்கம் சீல் அடிச்சுத் தந்தது, தம்பி" என்றார் அப்பா.

"அரசாங்கம் தந்தபடியால்தான் ஐயா இது பெர்மிட்."

வீட்டுக்கு வரும்வரை அப்பா ஒரு சொல்லும் பேசவில்லை. இரண்டு நாள் கழித்து நான் அந்தத் தாளை எடுத்து எழுத்துக்கூட்டி வாசித்தேன். தலைப்பிலேயே 'அனுமதிப்பத்திரம்' என்று அச்சடித்திருந்தது. அத்தனை வருடமாக வீட்டில் ஒருவரும் அதை வாசித்ததில்லை. அரசாங்கத் தாள் என்றால் கறையான் அரிக்காமல் வைத்திருந்தால் போதும் என்று இருந்துவிட்டோம்.

நான் முன்பள்ளி ஆசிரியை, சட்டம் படித்தவள் இல்லை. அந்தத் தாளுக்காக இரண்டு வருடம் அலைந்ததில்தான் இந்தச் சொற்கள் எனக்குப் பழக்கமாயின. அப்புறம் ஒழுங்கையில் உள்ளவர்கள் தங்கள் தாள்களையும் தூக்கிக்கொண்டு வரத் தொடங்கினார்கள். அப்படித் தெரிந்துகொண்டவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் நாளே நான் பிழையான இடத்துக்குப் போய்விட்டேன். 'பட்டினமும் சூழலும்' என்ற பெயரில் எங்களுக்கு இரண்டு இடங்கள் உண்டு: ஒன்று பிரதேச சபை, மற்றது பிரதேச செயலகம். சபை என்றால் நாங்கள் வாக்குப் போட்டு அனுப்பும் உறுப்பினர்களும் தவிசாளரும். உள்வீதி, தெருவிளக்கு, குப்பை, சந்தை, கட்டட அனுமதி, சோலைவரி (வீடு வளவுக்குக் கட்டும் வரி) எல்லாம் அங்கே. செயலகத்தில் இருப்பவர்கள் அரசாங்க உத்தியோகத்தர்கள். அரச காணி, கொடுப்பனவுகள், கிராம உத்தியோகத்தரின் சான்றிதழுக்கு மேலொப்பம் எல்லாம் பிரதேச செயலாளரின் கீழ். சபைகள் 1987ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தவை. செயலாளர்களுக்கு இப்போதுள்ள அதிகாரத்தைக் கொடுத்தது 1992ஆம் ஆண்டுச் சட்டம். வயதானவர்கள் செயலகத்தை இன்னமும் 'ஏ.ஜி.ஏ ஒபிஸ்' (உதவி அரசாங்க அதிபர் அலுவலகம்) என்கிறார்கள், அதனால் அவர்களுக்கு இந்தக் குழப்பம் வருவதேயில்லை. மாவட்டத்தில் இப்படி 11 பிரதேச செயலகப் பிரிவுகள். அவற்றுக்கு மேலே கச்சேரி, அதாவது அரசாங்க அதிபர் இருக்கும் மாவட்டச் செயலகம். கிழக்கு மாகாணத்தின் தலைமை அலுவலகங்களும் எங்கள் பட்டினத்திலேயே இருப்பதால், 'காணி ஆணையாளர்' என்று யாராவது சொன்னால் மாகாணத்துடையவரா மத்திய அரசுடையவரா என்று கேட்டுவிட்டுத்தான் நான் படி ஏறுவேன்.

பிரதேச சபையின் வாசலில் அன்று ஒரு பெரியவரைக் கண்டேன். சோலைவரிப் பற்றுச்சீட்டுகளை வருட வரிசையில் நூலால் கட்டி வைத்திருந்தார். "இவ்வளவு காலம் வரி கட்டியிருக்கிறன், காணி என்ர பேரில்தானே பிள்ளை?" என்று என்னைக் கேட்டார். அன்று எனக்குப் பதில் தெரியாது. இன்று தெரியும். வரிப் பற்றுச்சீட்டு, அந்த ஆதனத்துக்கு இன்னார் வரி கட்டினார் என்று மட்டும்தான் சொல்லும். உரித்து யாருடையது என்று அது சொல்லாது. தனியார் காணியில் ஒருவர் 10 வருடத்துக்கு மேல் தடையில்லாமல், உரிமையாளருக்கு எதிராகத் தன் காணியாகவே ஆண்டு வந்தார் என்று 1871ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின்படி நீதிமன்றத்தில் காட்டும்போது, அந்தச் சீட்டுகள் துணைச் சான்றாக உதவலாம். அரச காணிக்கு அந்த 10 வருடக் கணக்குப் பொருந்தாது. அந்தப் பெரியவரின் முகம் இன்னமும் நினைவில் இருக்கிறது. அன்றே சொல்ல முடிந்திருந்தால் எவ்வளவு நல்லது.

சரி, எங்கள் தாளுக்கு வருகிறேன்.

பிரதேச செயலகத்தின் காணிப் பகுதியில் ஒரு பெண் உத்தியோகத்தர் இருந்தார். கூட்டம் குறைந்த நேரம். உறையைக் கொடுத்தேன். அவர் முதற்பக்கத்தைப் பார்க்காமல் நேரே கடைசிப் பக்கத்துக்குப் போனார்.

"அப்பா இருக்கிறாரா?"

"இருக்கிறார், மிஸ். வருத்தம்தான், நடமாடுவார்."

"அப்ப கடனை விடுங்கோ. முதல்ல இதைப் பாருங்கோ."

அவர் விரல் வைத்த இடத்தில் 'பின்னுரித்தாளர்' என்று இருந்தது, அதாவது அப்பாவுக்குப் பிறகு காணி யாருக்கு என்பது. பக்கத்துக் கட்டம் வெறுமையாக இருந்தது.

அரை மணி நேரம் ஒதுக்கி அவர் எனக்கு விளங்கப்படுத்தினார். உறுதி என்பது தனியார் காணிக்கு. உரிமையாளர், நொத்தாரிசுக்கும் (உறுதி எழுத அதிகாரம் பெற்றவர்) இரண்டு சாட்சிகளுக்கும் முன்னால் கையொப்பமிட்டு இன்னொருவருக்கு எழுதுவது. 1840ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் அப்படித்தான் வேண்டும் என்கிறது. அதை நொத்தாரிசு காணிப் பதிவகத்தில் பதிவுக்குக் கொடுப்பார். விலைக்கு முழுதாகக் கைமாறினால் அறுதி உறுதி, பாசத்தால் கொடுத்தால் நன்கொடை உறுதி, கடனுக்குப் பொறுப்பாக வைத்தால் ஈட்டு உறுதி. எங்களிடம் இருந்தது 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்த அனுமதிப்பத்திரம். காணி அரசாங்கத்துடையதாகவே இருக்கும். குடியிருந்து, பயிர் செய்து, நிபந்தனைப்படி ஆளலாம். விற்கவோ நினைத்தபடி ஈடு வைக்கவோ முடியாது. நிபந்தனைகளை நிறைவேற்றி, கட்டவேண்டிய பணத்தையும் கட்டி முடித்தவர்களுக்கு அடுத்த படி அளிப்புப் பத்திரம். ஜனாதிபதியின் கையொப்பத்துடன் வரும். சனங்கள் அதை 'ஜயபூமி', 'சுவர்ணபூமி' என்று திட்டத்தின் பெயரால் சொல்வார்கள். பலர் அதையும் உறுதி என்றுதான் நினைக்கிறார்கள். ஆனால் அளிப்பு கையில் இருந்தாலும் பிரதேச செயலாளரின் சம்மதம் எழுத்தில் இல்லாமல் அந்தக் காணியைக் கைமாற்ற முடியாது. சம்மதம் பெறாமல் நொத்தாரிசிடம் போய் 'உறுதி முடித்து'க் காசையும் கொடுத்துவிட்டு நிற்கும் இரண்டு குடும்பங்களை எனக்கே தெரியும்.

அந்த வெறுமையான கட்டத்தைப் பற்றி அவர் சொன்னதுதான் எங்கள் வீட்டைக் காப்பாற்றியது. அனுமதிப்பத்திரக்காரர் இறந்தால், பின்னுரித்தாளராக யாரை நியமித்திருந்தாலும், உயிரோடு இருக்கும் கணவன் அல்லது மனைவிக்குத்தான் முதலில் அந்தக் காணி போகும். ஆனால் அவரால் அதை விற்கவோ கைமாற்றவோ முடியாது. அவருக்குப் பிறகு நியமிக்கப்பட்டவருக்கு வரும். ஒருவரையும் நியமிக்காவிட்டால், சட்டத்தின் அட்டவணையில் உள்ள உறவு வரிசைப்படி போகும். அந்தக் காலத்து அட்டவணையில் ஆண்பிள்ளைகள்தான் முதலில். 2022இல் வந்த திருத்தம்தான் பிள்ளைகளுக்குள் அந்த வேறுபாட்டை எடுத்தது. நாங்கள் போனது 2016இல். அம்மாவையும் அப்பாவையும் பார்த்துக்கொண்டு அந்த வீட்டில் இருப்பது நான். அண்ணா கனடாவில்.

"நியமனத்தை எழுதினால் போதாது, பதியவேண்டும். அதுவும் அப்பா இருக்கும்போதே பதிஞ்சிருக்கவேண்டும். பிறகு ஒன்றும் செய்ய ஏலாது" என்றார். உரித்து வருபவர், இறப்பு நடந்து 6 மாதத்துக்குள் காணியைப் பொறுப்பேற்று ஆட்சிக்கு வரவேண்டும் என்பதையும் அவர்தான் சொன்னார். அண்ணாவோடு பேசினேன். "நீ இருக்கிற வீடு, உன்ர பேரைப் போடு" என்று ஒரு நிமிடத்தில் சொல்லிவிட்டார். எல்லா வீட்டிலும் இது இவ்வளவு இலகுவாக முடியாது என்று தெரியும். அதற்காகவே, அப்பா அம்மா பேசக்கூடிய நிலையில் இருக்கும்போதே பேசிவிடுங்கள். உங்கள் வீட்டிலும் அப்படி ஓர் உறை இருந்தால் இன்றைக்கே கடைசிப் பக்கத்தைத் திறந்து பாருங்கள்.

காணி வாங்குபவர்கள் கவனிக்கவேண்டிய இரண்டு சொற்களையும் இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன். ஒன்று 'பிரிபடாத'. உறுதியில் 'பிரிபடாத அரைப்பங்கு' என்று இருந்தால், வேலிக்கு இந்தப் பக்கம் உங்களுடையது என்று சட்டப்படி பிரித்துத் தரவில்லை. மொத்தக் காணியிலும் ஒவ்வோர் அடியிலும் உங்களுக்குப் பாதி, மற்றவருக்குப் பாதி. என் சிநேகிதி ஒருத்தி உப்புவெளிப் பக்கம் 20 பேர்ச் என்று நினைத்து அப்படி ஒன்றை வாங்கி, இப்போது பிரிவிடல் வழக்கில் நிற்கிறாள். மற்றது 'சீவிய உரித்து'. தாய் மகளுக்கு நன்கொடையாக எழுதி, தன் சீவிய உரித்தை வைத்துக்கொண்டால், காணி மகளுடையது, ஆனால் தாய் உயிரோடு இருக்கும்வரை அனுபவிக்கும் உரிமை தாய்க்குத்தான். மகளிடம் மட்டும் வாங்கினால் வாங்கியவர் அந்த உரிமையையும் சேர்த்தே சுமப்பார்.

எங்கள் பின்வளவில் இருக்கும் அக்காவின் குடும்பம் 1990இல் படகில் போய், தமிழ்நாட்டு முகாமில் இருபது வருடத்துக்கு மேல் இருந்துவிட்டு வந்தது. வந்த புதிதில் "பட்டா எங்க வாங்கணும், தாசில்தார் ஆபீஸ் எந்தப் பக்கம்?" என்று என்னைக் கேட்டார். இரண்டும் தமிழ்தான், ஆனால் அரசாங்கம் வேறு என்பதால் சொல்லும் வேறு. அங்கே அரசிதழ், இங்கே வர்த்தமானி. அங்கே வழக்கறிஞர், இங்கே சட்டத்தரணி. அங்கே ஜாமீன், இங்கே பிணை. நீதிமன்றக் காவல் என்று அங்கே சொல்வது இங்கே விளக்கமறியல். பிள்ளையைத் தத்தெடுப்பதை எங்கள் சட்டம் மகவேற்பு என்கிறது. எனக்கு மிகவும் பிடித்த சொல் அது. 'சுவீகரிப்பு' என்று இங்கே கேட்டால் அரசாங்கம் காணி எடுக்கிறது என்று பொருள். 'முதலாம் எதிரி' என்று வழக்கில் எழுதியிருந்தால் அது குற்றஞ்சாட்டப்பட்டவர், பகைவர் இல்லை.

இவற்றுள் ஆளையே திசை மாற்றிவிடுவது 'உயர் நீதிமன்றம்' என்ற சொல். சென்னைச் செய்தியில் அது மாநிலத்தின் நீதிமன்றம், அதற்கு மேலே டெல்லியில் உச்ச நீதிமன்றம். எங்கள் நாட்டில் உயர் நீதிமன்றம்தான் உச்சி. அதற்கு மேலே ஒன்றும் இல்லை. கீழிருந்து சொன்னால் நீதவான் நீதிமன்றம், மாவட்ட நீதிமன்றம், மேல் நீதிமன்றம், மேன்முறையீட்டு நீதிமன்றம், உயர் நீதிமன்றம். காணி, மரணசாதனம் (உயில்), விவாகரத்து மாவட்ட நீதிமன்றத்துக்கு. பொலிஸ் வழக்கும் பிள்ளைகளுக்கான தாபரிப்பும் (பராமரிப்புப் பணம்) நீதவானிடம். 'மேல்' என்பதையும் 'உயர்' என்பதையும் ஒன்றாக நினைத்து, மேல் நீதிமன்றத்தில் தோற்றதும் "எல்லாம் முடிஞ்சுது" என்று அந்த அக்காவின் தம்பி வீட்டில் இருந்துவிட்டார். மேன்முறையீட்டுக்குரிய நாள் தாண்டிவிட்டது.

அந்த அக்காவின் மகன் தமிழ்நாட்டில் பிறந்தவன். இந்தியப் பிறப்புச் சான்றிதழ் இருந்தும் இங்கே அடையாள அட்டை எடுக்க முடியவில்லை. அவனுக்குத் தேவைப்பட்டது வம்சாவழிப் பிரஜாவுரிமைப் பதிவு. 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெளிநாட்டில் பிறந்த இலங்கையரின் பிள்ளையைத் தனியாகப் பதியவேண்டும். 'குடியுரிமை' என்று தேடிக்கொண்டிருந்தவர்களுக்கு விண்ணப்பத்தில் 'பிரஜாவுரிமை' என்று கண்டதும் அது வேறேதோ என்று தோன்றியிருக்கிறது.

2018இல் சித்தியின் மகன் மோட்டார் சைக்கிள் விபத்து ஒன்றில் மாட்டினான். ஒரு வயோதிபருக்குக் கால் முறிவு. இவனை நீதவான் முன் நிறுத்தி விளக்கமறியலில் வைத்தார்கள். சித்தி 'மறியல்' என்ற சொல்லைக் கேட்டதும் தண்டனை விழுந்துவிட்டது என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார். விளக்கமறியல் என்றால் விசாரணை முடியவில்லை, அடுத்த தவணை வரை அடைத்து வைக்கிறார்கள் என்றுதான் பொருள். குற்றவாளி என்று இன்னும் ஒருவரும் சொல்லவில்லை. இதைச் சொல்லித்தான் அவரைத் தேற்றினோம்.

அடுத்த தவணையில் 'தலா ஒரு இலட்சம் ரூபா பெறுமதியான இரண்டு சரீரப் பிணை' என்று கட்டளை வந்தது. நான் பாடசாலையில் இருந்தேன். சித்தி யாரிடமும் கேட்காமல் தாலிக்கொடியைக் கொண்டுபோய் அடகு வைத்து, இரண்டு இலட்சத்தைத் தேடிக்கொண்டு நீதிமன்ற வாசலுக்கு வந்துவிட்டார். சட்டத்தரணியின் கிளாக்கர்தான் சொன்னார்: "அம்மா, காசு வேண்டாம். ஆள்தான் வேண்டும்." காசுப் பிணை என்றால்தான் பணம் கட்டவேண்டும். சரீரப் பிணை என்றால் இரண்டு பேர் வந்து, இவன் ஒவ்வொரு தவணைக்கும் வருவான், வராவிட்டால் அந்தத் தொகைக்கு நாங்கள் பொறுப்பு என்று கையொப்பம் வைக்கவேண்டும். அடையாள அட்டையும் கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்றிதழும் கேட்பார்கள். அன்று எங்களிடம் பணம் இருந்தது, சான்றிதழோடு ஆள் இல்லை. அவன் இன்னும் ஒரு நாள் உள்ளே இருக்கவேண்டி வந்தது. தாலிக்கொடியை மீட்கும்போது சித்தி வட்டியும் கட்டினார். அதை நினைத்தால் எனக்கு இப்போதும் மனம் கனக்கிறது. யாருக்காவது பிணை கையொப்பம் வைக்கப் போகிறீர்கள் என்றால், அது வெறும் உதவி என்று எண்ணாமல், அந்த ஆள் தவணைக்கு ஒழுங்காக வருவாரா என்று யோசித்துவிட்டு வையுங்கள்.

அந்த வழக்கில் அவனுடைய வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்பட்டிருந்தது. வாசிக்கத் தெரியாமலே கையொப்பம் வைத்திருந்தான். 1987இல் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழியானது. 1988இல் வந்த 16ஆவது திருத்தம் நிர்வாகத்திலும் நீதிமன்றத்திலும் மொழி உரிமையை விரித்துச் சொல்கிறது. தமிழில் எழுதும்படி மரியாதையாகக் கேட்கலாம். முடியாது என்றால், தமிழ் தெரிந்த ஒருவர் வாசித்துக் காட்டும்வரை பேனாவைத் தொடாதீர்கள்.

சத்தியக்கடதாசியைப் பற்றியும், அதாவது சொல்வது உண்மை என்று எழுதிக் கையொப்பம் வைக்கும் தாளைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் என்னிடம் வருபவர்களில் பாதிப்பேர் அதற்காகத்தான் வருகிறார்கள். இது இல்லாத அலுவலகமே இல்லை. 'இந்துவாகிய நான் பயபக்தியுடனும் உண்மையாகவும் நேர்மையாகவும் உறுதிப்படுத்தி வெளிப்படுத்துவதாவது' என்று தொடங்கும். கிறிஸ்தவர்கள் சத்தியம் செய்வார்கள், இந்துக்களும் முஸ்லிம்களும் பௌத்தர்களும் உறுதியுரைப்பார்கள். சமாதான நீதவானுக்கு (ஜே.பி.) முன்னால் கையொப்பம் வைக்கவேண்டும். வீட்டிலேயே வைத்துவிட்டுக் கொண்டுபோய் முத்திரை மட்டும் கேட்கக்கூடாது. அம்மாவின் பெயர் பிறப்புப் பதிவில் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் கடைசியில் ஒரு 'ள்' கூடுதலாக. 'இரண்டு பெயரும் என்னையே குறிக்கும்' என்று சத்தியக்கடதாசி முடித்தோம். ஓரிடத்தில் ஏற்றார்கள், மற்ற இடத்தில் ஏற்கவில்லை. அது ஏன் என்று பிறகுதான் விளங்கியது: சத்தியக்கடதாசி நாங்கள் சொல்வது, பதிவேடு அரசாங்கம் சொல்வது. நாங்கள் சொல்வதால் பதிவேட்டில் ஓர் எழுத்தும் மாறாது. அதை மாற்றப் பதிவாளரிடம் திருத்த விண்ணப்பம் வேறாகக் கொடுக்கவேண்டும். அதிலும் எழுத்துப் பிழையைத் திருத்துவது ஒரு படிவம், பெயரையே மாற்றுவது இன்னொரு படிவம். அதேபோல் பிறப்பே பதியப்படாதவருக்குக் கிடைக்கும் உத்தேச வயதுச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ் ஆகாது. இடப்பெயர்வில் பதிவு தவறிய பிள்ளைகள் எங்கள் பக்கத்தில் நிறையப் பேர். காலங்கடந்த பதிவுக்கு வழி இருக்கும்போதே உத்தேச வயதோடு நின்றுவிடாதீர்கள்.

அலுவலகத்திலிருந்து வரும் கடிதத்தை வாசிப்பதற்கு ஒரு பழக்கம் வேண்டும். என் வழக்கம் இது: முதலில் தலைப்பில் 'எனது இல.' என்று இருக்கும் எண்ணை ஒரு கொப்பியில் எழுதிக்கொள்வேன். அது அவர்களுடைய கோப்பின் எண். நாங்கள் பதில் எழுதும்போது அதையே 'உமது இல.' என்று போட்டால் கோப்பு அன்றே மேசைக்கு வரும். போடாவிட்டால் எங்கள் கடிதம் புதிய கடிதமாகத் தட்டில் கிடக்கும். அடுத்ததாகக் கடைசிக்குப் போய், பிரதி யாருக்கு என்று பார்ப்பேன். 'தகவலுக்காக' என்றால் அவர் அறிந்து வைத்திருப்பார், அவ்வளவுதான். 'தேவையான நடவடிக்கைக்காக' என்றால் இனிப் போய்க் கேட்கவேண்டியது அவரிடம். அப்புறம் 'சிபாரிசு', 'அங்கீகாரம்'. கிராம உத்தியோகத்தர் சிபாரிசு செய்துவிட்டார் என்றதும் காரியம் முடிந்தது என்று இனிப்பு வாங்கிக்கொண்டு வந்தவர்கள் உண்டு. சிபாரிசு என்றால் 'கொடுக்கலாம்' என்று ஒருவர் மேலே எழுதியிருக்கிறார். அங்கீகாரம் வரும்வரை ஒன்றும் கொடுக்கப்படவில்லை. 'ஆட்சேபனை இருப்பின்' என்று எங்கே கண்டாலும் உடனே திகதியைத் தேடுங்கள். காணி எடுத்தற் சட்டத்தில் 2ஆம் பிரிவு அறிவித்தல் ஒட்டினால், இந்தப் பக்கத்தில் பொதுத் தேவைக்குக் காணி வேண்டும், பார்த்து அளக்க வருவோம் என்று பொருள். அதோடு காணி போய்விட்டது என்று சனம் ஒப்பாரி வைத்ததைப் பார்த்திருக்கிறேன். எழுத்தில் ஆட்சேபிக்கும் இடம் 4ஆம் பிரிவு அறிவித்தல். அதைக் கவனிக்காமல் விட்டு, 5ஆம் பிரிவுப் பிரகடனம் வந்தபின் அழுவதில்தான் இழப்பு இருக்கிறது.

எங்கள் நியமனம் பதிவான பிறகு அளிப்புக்கு விண்ணப்பித்தோம். ஒரு வருடத்துக்கு 'பரிசீலனையில் உள்ளது' என்ற ஒரே பதில். பின்பு 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தகவல் அலுவலருக்கு எழுதிக் கொடுத்தேன். 'ஏன் தாமதம்?' என்று கேட்கவில்லை. 'இந்த இலக்கக் கோப்பு இன்று எந்தப் பகுதியில் உள்ளது, அதில் குறைவாக உள்ள ஆவணம் எது?' என்று கேட்டேன். கொடுத்ததற்கு எழுத்தில் ஏற்புச் சீட்டும் வாங்கினேன். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லவேண்டும் என்பது சட்டம். வேலை நாள் என்றால் சனி, ஞாயிறு, போயா, அரச விடுமுறை கணக்கில் வராது. பதில் வந்தது: நில அளவை வரைபடத்தின் பிரதி கோப்பில் இல்லையாம். எங்களிடம் கேட்டிருந்தால் அன்றே கொடுத்திருப்போம். கொண்டுபோய்க் கொடுத்தேன்.

உங்கள் விடயம் சிக்கலாக இருந்தால் என்னைப் போன்றவர்களின் சொல்லோடு நிற்கவேண்டாம். வருமானம் குறைந்தவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழுவின் சட்டத்தரணிகள் இருக்கிறார்கள். சிறிய கடன், வேலித் தகராறு என்றால் இணக்க சபைக்குப் போகலாம். அங்கே பணச் செலவில்லை, இரண்டு பக்கமும் சம்மதித்தால்தான் முடிவு. போகும்போது மூலப்பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு போட்டோக் கொப்பியை மட்டும் கொடுங்கள்.

நியமனம் பதிந்த நாளில் அப்பா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். கோயிலுக்குப் போகும்போது கட்டுவது அது. படிவத்தை நீட்டி, கையொப்பம் வைக்க இடத்தைக் காட்டினார்கள். அப்பா பேனாவை வாங்கவில்லை. "முதல்லயிருந்து வாசியுங்கோ, பிள்ளை" என்றார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் பொறுமையிழந்தார்கள். அந்தப் பெண் உத்தியோகத்தர் ஒரு வரியும் விடாமல் வாசித்தார். இரண்டு இடத்தில் அப்பா நிறுத்திக் கேட்டார். பிறகுதான் கையொப்பம் வைத்தார்.

அளிப்பு இன்னும் வரவில்லை. அப்பாவுக்கு இப்போது எண்பத்திரண்டு வயது. போன கிழமை பக்கத்து வீட்டுக்கு வந்திருந்த ஒருவர், "உங்களுக்கென்ன ஐயா, உறுதி இருக்கு" என்றார். அப்பா உறையைக் கொண்டுவரச் சொல்லி, கடைசிப் பக்கத்தை அவருக்கு விரித்துக் காட்டினார். "உறுதி இல்லை தம்பி, பெர்மிட். பின்னுரித்தாளர் பதிஞ்சிருக்கு. அளிப்புக்குக் கோப்பு கச்சேரியில. இலக்கம் மகளிட்ட இருக்கு."